ஆன்லைன் கோர்ஸ்: கட்டணமா, விளம்பரமா? முடிவெடுக்கும் வழி

முதல் வீடியோவைப் பதிவு செய்வதற்கு முன்பே பலரும் கேட்கும் கேள்வி, "எதில் பணம் அதிகம் வரும்?" என்பதுதான். இதற்குப் பொதுவான பதில் கிடையாது, பாடத்தைப் பொறுத்தது. கீழே உள்ள வரிசையில் யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் மூன்றாவது படிக்குள் முடிவு தெரிந்துவிடும்.

படி 1: யார் தேடுகிறார்கள், எதற்காக?

எக்செல்லையே எடுத்துக்கொள்வோம். "பட்டியலை அகர வரிசையில் அடுக்குவது எப்படி" என்று தேடுபவர்கள் ஏராளம். பதில் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். இரண்டு நிமிட விஷயத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், ஆனால் ஒரு விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். "கடந்த மூன்று வருடக் கணக்கை வைத்து நிறுவனத்தின் அடுத்த வருட வரவுசெலவைக் கணிப்பது எப்படி" என்பது வேறு வகை. தேடுபவர்கள் குறைவு. ஆனால் அவர்களுக்கு அடுத்த வாரம் அதை மேலாளரிடம் காட்டியாக வேண்டும். அவர்கள் கட்டணம் தரத் தயங்க மாட்டார்கள்.

உங்கள் பாடம் இந்த இரண்டில் எதற்கு நெருக்கம் என்று ஒரு வரியில் எழுதிவையுங்கள். எழுத வரவில்லை என்றால் பாடம் இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

படி 2: விளம்பரத்தின் வாசலைத் தெரிந்துகொள்ளுங்கள்

யூடியூபில் வீடியோ போட்ட மறுநாளே விளம்பரப் பணம் வராது. விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள். வாசலைத் தாண்டிய பிறகு நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் 45 சதவீதம். வீடியோவின் நடுவே விளம்பரம் வர அது குறைந்தது 8 நிமிடம் இருக்க வேண்டும்.

சிலர் கவனிக்காத ஒன்று: வாசலைத் தாண்டாத சேனலின் வீடியோவிலும் யூடியூப் விளம்பரம் போடலாம், அந்தப் பணம் உங்களுக்கு வராது. ஆக, "விளம்பரமே இல்லாத இலவசப் பாடம்" என்று மாணவர்களுக்கு அங்கே வாக்குக் கொடுக்க முடியாது.

குழந்தைகளுக்கான பாடம் என்றால் இன்னும் சிக்கல். "குழந்தைகளுக்கானது" என்று குறித்த வீடியோவில் பார்ப்பவரின் விருப்பத்துக்கேற்ற விளம்பரங்கள் வராது, கருத்துப் பகுதியும் மூடப்படும். வருமானம் குறையும், மாணவர் சந்தேகம் கேட்கவும் வழியில்லை.

படி 3: ஒரு மாணவர் எத்தனை பார்வைக்குச் சமம்?

இதற்கு ஆர்பிஎம் என்ற எண் போதும். யூடியூப் தன் பங்கை எடுத்த பிறகு, 1,000 பார்வைக்கு உங்கள் கையில் நிற்கும் தொகை அது. சிபிஎம் என்பது விளம்பரதாரர் கொடுக்கும் தொகை. அதைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

சூத்திரம் எளிது: ஒரு மாணவரிடமிருந்து கைக்கு வருவதை ஆர்பிஎம்மால் வகுத்து, 1,000 ஆல் பெருக்குங்கள். கோர்ஸ் விலை 40, ஆர்பிஎம் 2 என்று வைப்போம் (எந்தப் பணமானாலும் சரி). முழு 40-ம் கைக்கு வந்தால் ஒரு மாணவர் 20,000 பார்வைக்குச் சமம். ஆனால் முழுதாக வராது. கோர்ஸ்களை விற்கும் தளமான யூடெமியில் உங்கள் சொந்தக் கூப்பன் இணைப்பு வழியாக வாங்கினால் 97 சதவீதம் உங்களுக்கு. அவர்களே தேடிக் கொண்டுவந்த மாணவர் தனிக் கோர்ஸாக வாங்கினால் 37 சதவீதம்தான். இரண்டாவது வகையில் 40 என்பது 14.80 ஆகிவிடும், அதாவது 7,400 பார்வை. 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வசதியும் மாணவருக்கு உண்டு, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 7,400 பார்வை எளிதா, ஒரே ஒருவரை வாங்கவைப்பது எளிதா? படி 1-இல் எழுதிய வரி இங்கே கைகொடுக்கும்.

படி 4: பணம் வரும் வழி பாடத்தை எப்படி மாற்றும்?

என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான படி.

30 பாடங்கள் கொண்ட தொடரில் முதல் பாடத்தைப் பார்ப்பவர்களில் சிறு பகுதிதான் கடைசி வரை வருவார்கள். விளம்பர வருமானமும் அதே சரிவில் இறங்கும். 25-ஆவது பாடத்துக்கு அதிக உழைப்பு, மிகக் குறைந்த பணம். கொஞ்ச நாளில் ஆழமான பாடங்களைக் கைவிட்டு, தனித்தனியாகப் பார்க்கக்கூடிய அறிமுக வீடியோக்களாகவே போட ஆரம்பிப்பீர்கள். அதோடு, மாணவர் சூத்திரத்தைப் பாதி தட்டிக்கொண்டிருக்கும்போது விளம்பரம் குறுக்கிட்டால், எங்கே விட்டோம் என்று மறுபடி தேட வேண்டும். விளம்பரம் வைத்தே தீர வேண்டும் என்றால், "இப்போது நீங்களே செய்து பாருங்கள்" என்று சொல்லும் இடத்தில் வையுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் அந்த இடத்தை நாமே குறிக்கலாம்.

கட்டணத்திலும் கோளாறு உண்டு. முதல் பாடத்தைப் பார்க்கும் முன்பே பணம் வந்துவிடுவதால், கவனமெல்லாம் விற்பனைப் பக்கத்துக்குப் போய்விடும், மாணவர் முடித்தாரா என்று பார்க்கத் தோன்றாது. வீடியோவுக்கு மட்டும் கட்டணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சித்தாளைத் திருத்துவது, சந்தேகத்துக்குப் பதில் சொல்வது என்று ஏதாவது கூடவே இருக்க வேண்டும்.

படி 5: மூன்று பாடம் போட்டு நோட்டம் விடுங்கள்

மூன்று பாடங்களை இலவசமாக வெளியிட்டு, வரும் கேள்விகளைப் படியுங்கள். "சூப்பர், அடுத்தது எப்போ?" என்று வந்தால் ரசிகர்கள் சேர்கிறார்கள், விளம்பரப் பாதை சரிவரும். "என் ஃபைலில் மூன்றாவது நெடுவரிசையில் பிழை காட்டுகிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று வந்தால், அவருக்கு வேண்டியது உங்கள் நேரம். அதற்குத்தான் விலை வைக்க வேண்டும்.

படி 6: கலந்து செய்வதென்றால்

இரண்டுக்கும் நடுவே வழிகள் உண்டு. ஆன்லைன் கோர்ஸ் தளமான கோர்செராவில் சில கோர்ஸ்களின் பாடங்களைக் காசில்லாமல் பார்த்துவிட்டு, சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பணம் கட்டலாம். லாப நோக்கமற்ற கான் அகாடமி, பாடங்களை விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் தந்து பெரும்பாலும் நன்கொடையில் நடக்கிறது, ஆனால் தனியாளுக்கு அந்தப் பாதை கடினம். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: தேடி வருபவர்களுக்கான அறிமுகப் பாடங்கள் யூடியூபில், திருத்தமும் பயிற்சியும் உள்ள பகுதி கட்டணத்தில்.

ஏற்கெனவே இலவசமாகப் போட்டதைப் பிறகு பூட்ட வேண்டாம், பழைய மாணவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. புதிதாக எடுப்பதற்கு மட்டும் விலை வையுங்கள். அப்புறம், கட்டணப் பாடத்தை யூடியூபில் 'அன்லிஸ்டெட்' ஆகப் போட்டு இணைப்பை அனுப்பும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இணைப்பு கிடைத்த எவரும் அதைப் பார்க்கலாம், ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் முடிந்தது. உள்நுழைவு கேட்கும் தளத்திலேயே அவற்றை ஏற்றுங்கள்.