கம்ப்ரெஷன் கடைசியில்தான்: நிகழ்நேர வலைச் செயலிகளில் தரவை வீணாக்கும் தவறுகள்

நேரலை ஸ்கோர், அரட்டை, நகரும் வண்டியைக் காட்டும் வரைபடம், பலர் சேர்ந்து திருத்தும் ஆவணம் போன்ற செயலிகள் தரவை அள்ளி விழுங்கத் தொடங்கினால், பலரும் முதலில் தேடுவது கம்ப்ரெஷனைத்தான். அனுப்பவே தேவையில்லாததைச் சுருக்கி அனுப்புவதில் என்ன லாபம்?

பெரிய வீண்செலவு வேறிடத்தில் இருக்கிறது. பட்டியலில் 500 வரிகள். ஒரு வரியில் ஓர் எண் மாறுகிறது. சர்வர் 500 வரிகளையும் மறுபடி அனுப்புகிறது. மாறியதை மட்டும் அனுப்புவதே சரி. ஆனால் அப்படிச் செய்பவர்களில் பலர் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட், தரவை வரிசையாகச் சேர்க்கும் டிசிபி நெறிமுறையின் மேல் ஓடுவதால், ஓர் இணைப்பு உயிரோடு இருக்கும்வரை செய்திகள் வரிசை மாறாமல் வந்து சேரும். இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டும் இடைவெளியில்தான் மாற்றங்கள் தொலைகின்றன. பயனரின் திரை பிழையான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் கொடுங்கள். திரும்பி வரும் பிரவுசர் தான் கடைசியாகப் பார்த்த எண்ணைச் சொல்லட்டும். சர்வர் அதற்குப் பிந்தியவற்றை மட்டும் தரட்டும். இடைவெளி மிகவும் நீண்டிருந்தால் மட்டுமே முழு நகல்.

அடுத்தது வேகம். மவுஸ் நகரும் ஒவ்வொரு அசைவையும் அனுப்புவது வீண். இருப்பிடம், கர்சர் போன்றவற்றில் புதியது வந்ததும் பழையது செல்லாக்காசு; கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சீரான இடைவெளியில் அனுப்பினால் போதும். அரட்டைச் செய்தியை இப்படிக் கைவிட முடியாது என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் கையாள வேண்டும். பயனர் வேறு டேபுக்குப் போய்விட்டால் ஓட்டத்தைக் குறைக்கலாம். இதைச் செய்யாத செயலிகளே அதிகம்.

இனி கம்ப்ரெஷன். டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறையை வெப்சாக்கெட்டில் சேர்க்கும் நீட்சி 2015இல் ஆர்எஃப்சி 7692 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. முந்தைய செய்திகளை நினைவில் வைத்துக்கொண்டு சுருக்குவதால், திரும்பத் திரும்ப வரும் ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) புலப்பெயர்கள் கரைந்துவிடும். இந்த நினைவுக்கு விலை உண்டு: ஸீலிப் என்ற சுருக்கும் நிரலகத்தின் இயல்பு அமைப்பில் சுருக்கும் பக்கத்துக்கு மட்டும் ஓர் இணைப்புக்குச் சுமார் 256 கிலோபைட். 10,000 இணைப்புகளுக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபைட். இது கட்டுப்படியாகாது என்று நினைவை அணைத்தால், சிறு செய்திகளில் சுருங்குவதற்கு எதுவும் இருக்காது. சர்வர்களில் கண்ணை மூடிக்கொண்டு இதை இயக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதுகாப்புச் சிக்கலும் உண்டு: ரகசியத் தகவலும் வெளியார் தரும் உரையும் ஒன்றாகச் சுருக்கப்பட்டால், அளவை வைத்தே ரகசியத்தை ஊகிக்கலாம் என்பதை 2012இல் கிரைம், 2013இல் பிரீச் தாக்குதல்கள் காட்டின.

20 பைட் செய்தியை மெசேஜ்பேக் என்ற பைனரி வடிவத்தால் 8 பைட்டாக்கி மகிழ்வதும் பெரும்பாலும் கணக்குப் பிழைதான். அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஐபிவி4, டிசிபி தலைப்புகள் சேர்ந்து குறைந்தது 40 பைட். மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் சுமை தனி. பத்துச் சிறு செய்திகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பினால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

படத்தைப் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கி ஜேசனுக்குள் திணிக்காதீர்கள். 3 பைட் 4 ஆகிறது. வெப்சாக்கெட் பைனரியை நேரடியாகவே ஏற்கும். அதைவிட, படத்தை எச்டிடிபி வழியாக ஏற்றி, முகவரியை மட்டும் செய்தியில் அனுப்பினால் கேஷ் (ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும்) வசதியும் கிடைக்கும். ஏற்கெனவே சுருங்கியிருக்கும் ஜேபெக் படத்தை மறுபடி ஜிசிப்பால் சுருக்குவது சிபியுவுக்குத் தண்டனை மட்டுமே.

அட்சரேகை, தீர்க்கரேகையில் 14 தசம இலக்கங்கள் எதற்கு? ஐந்தாவது இலக்கமே ஏறக்குறைய ஒரு மீட்டரைக் குறிக்கிறது. போனின் ஜிபிஎஸ் அதைவிட அதிகமாகத் தவறும்.

சோதனையில் தெரியாத தவறு ஒன்று பாக்கி. சர்வரை மறுதொடக்கம் செய்ததும் எல்லாப் பிரவுசர்களும் ஒரே நொடியில் திரும்பி வந்து முழு நகல் கேட்கும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் வேறுபாட்டையும் கலந்தால் நெரிசல் பரவலாகிவிடும். தற்செயலைச் சேர்க்காமல் இரட்டிப்பாக்க மட்டும் செய்தால், அந்தக் கூட்டம் கலையாமல் அடுத்த சுற்றிலும் ஒன்றாகவே வரும்.