காற்றைப் பார்த்துப் புறப்படுங்கள்: வன்னியின் களப்புக் கரைகளில் சைக்கிள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஏற்ற இறக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. அதனாலேயே தூரத்தை மட்டும் கணக்குப் பார்த்துப் புறப்படுபவர்கள் பாதி வழியில் நொந்துபோகிறார்கள். இங்கே பயணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, குளத்திலும் களப்பிலும் தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது. இவற்றைப் பார்த்து வழியைப் பிடித்தால் சாதாரண லுமாலாச் சைக்கிளிலேயே ஒரு நாளில் 50 கி.மீ. ஓடலாம். பார்க்காமல் வந்தால் கியர் சைக்கிளும் கைகொடுக்காது.

முதலில் காலம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி. கிறவல் வீதிகள் சேறாகும், சின்னப் பாலங்களின் மேலால் தண்ணீர் ஓடும். தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரைதான் ஏற்ற காலம். குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கொடுமையாகாது, வலசை வந்த பறவைகள் களப்புகளில் நிற்கும். ஆனால் மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நடக்கும். தார் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றினால் சில்லு வழுக்கும், நெல்லுக்குச் சொந்தக்காரரிடம் பேச்சும் வாங்க வேண்டிவரும். நெல்லைச் சுற்றிப் போகும்போது பின்னால் லாண்ட்மாஸ்டரோ (இரு சில்லு உழவு இயந்திரம்) பஸ்ஸோ வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டே வீதியின் நடுவுக்கு வாருங்கள்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகை முதல் மாசி வரை வாடை வடகிழக்கிலிருந்து வரும். இரண்டுமே காலையில் தணிந்து, பதினொரு மணிக்குப் பிறகு பலக்கும். ஆகவே விடிய 5.30 போல மிதிக்கத் தொடங்கி, பத்தரைக்குள் நாளின் பெரும்பகுதித் தூரத்தை முடித்துவிட வேண்டும். மிச்சத்தைப் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு ஓடலாம். ஆறு மணி தாண்டி வீதியில் நிற்க வேண்டாம். பட்டி மாடுகள் திரும்பும் நேரம் அது. முல்லைத்தீவு, வவுனியாக் காட்டோரங்களில் யானை இறங்கும் நேரமும் அதுதான்.

சைக்கிளும் ரியூப்பும்

ஊர்க்கடைகளில் 26, 28 இஞ்சி ரயரும் ரியூப்பும் தாராளமாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் 700 அளவு ரயருக்கும் ஒல்லி வால்கட்டைக்கும் கிளிநொச்சி நகரத்திலேயே அலைய வேண்டிவரலாம். அப்படியான சைக்கிள் என்றால் இரண்டு ரியூப்பும் பொருந்துகிற பம்மும் கையோடு இருக்கட்டும். வாடகைக்கோ இரவலாகவோ எடுப்பவர்கள் 26 இஞ்சி, 1.95 அகல ரயர் உள்ளதைத் தேடுங்கள். தார் வீதிக்கு 40 முதல் 45 பி.எஸ்.ஐ. காற்று, கிறவலுக்கு 30 முதல் 35, மணலுக்கு 25. ஒல்லி ரயர் கிறவலில் றிம்மை அடிவாங்க வைக்கும்.

பஞ்சராவது பெரும்பாலும் ஆணியால் அல்ல, முள்ளால். உடைமரம், விடத்தல், நெருஞ்சி மூன்றும் வீதியோரத்தில் தாராளம். நிழலுக்காகச் சைக்கிளை உடைமரத்தின் கீழ் உருட்டிக்கொண்டு போகிற பழக்கத்தை விட்டாலே பாதிப் பஞ்சர் குறையும். முள் ஏறினால் ரியூப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போட்டு மூடக்கூடாது. முனை உடைந்து ரயருக்குள் நிற்கும், அரை மணி நேரத்தில் அதே இடத்தில் திரும்பவும் குத்தும். ஒரு துணித்துண்டை ரயரின் உட்புறம் முழுச்சுற்றும் இழுத்துப் பாருங்கள். துணி கொழுவுகிற இடத்தில் முள் இருக்கும். வெளியிலிருந்து அதைத் தள்ளி எடுங்கள்.

ஒட்டுப் போடும்போது தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சொலூசன் (ஒட்டுப்பசை) பூசிய கையோடு ஒட்டை அழுத்திவிடுகிறார்கள். அப்போது அது பிடிக்காது, நடுவில் காற்றுக் குமிழி நிற்கும். ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சொலூசனை ஒட்டைவிடச் சற்று அகலமாக மெல்லிசாகப் பூசி, பளபளப்பு மங்கி விரலில் ஒட்டாத நிலை வரும்வரை விடுங்கள். வன்னி வெயிலில் நாலைந்து நிமிடம் போதும். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். தரவையில், அதாவது மரமில்லாத வெட்டவெளியில், காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும், ஆகவே முதுகைக் காற்றுக்குக் கொடுத்து மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாலு லீற்றர் குறைந்தபட்சம். பூநகரிப் பக்கம் கிணற்று நீர் பல இடங்களில் உவர், அங்கே நிரப்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பார்மசியில் ஜீவனிப் பைக்கற்று இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் கரைத்துக் குடித்தால் பலன் கூடாது, தாகந்தான் கூடும்.

மிதிவெடி

இதைக் கடைசியில் சொல்கிற வழக்கம் சரியில்லை. வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், சிவப்பு வெள்ளைத் தடி, நாடா ஏதாவது கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் பற்றைக்குள்ளும் உடைந்த கட்டடங்களுக்குள்ளும் இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கவும் வீதியோரத்தோடு நில்லுங்கள். நிலத்தில் துருப்பிடித்த எதையும் கையால் தொட வேண்டாம், காலால் தட்டவும் வேண்டாம். மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் இப்போது போய்வருகிற தடத்தில் மட்டும் ஓடுங்கள். நாலு கி.மீ. குறைகிறது என்று வரைபடம் காட்டும் ஒற்றையடிப் பாதையை மறந்துவிடுங்கள்.

பழகிக்கொள்ள: இரணைமடு

முதல் நாளுக்கு இது போதும். கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் தெற்கே போய் இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பினால் குளக்கட்டு வரும். போய்வர 20 கி.மீ. அளவுதான். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கிய இந்தக் குளத்தின் முதற்கட்ட வேலை முடிய 1920 ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தின் நெருக்கடியைக் குறைக்க 1936 இல் குடியேற்றம் தொடங்கியபோது கிளிநொச்சி நகரமாக எழுந்தது இந்தத் தண்ணீரை நம்பித்தான். கட்டில் ஏறி ஒரு பக்கம் நீர்ப்பரப்பையும் மறுபக்கம் வாய்க்கால் பிரிந்து போகும் வயலையும் பார்த்தால் நகரம் ஏன் இங்கே என்பது விளங்கும். கனகாம்பிகை அம்மன் கோவிலில் இளைப்பாறலாம். வான்கதவுப் பக்கம் காவலர் தடுத்தால் வாதாடாமல் திரும்புங்கள். அலைகரையில் குளிக்க இறங்காதீர்கள், முதலை உண்டு.

பரந்தன் – பூநகரி – சங்குப்பிட்டி

வன்னியில் ஒரே ஒரு வழிதான் ஓட நேரமிருக்கிறது என்றால் இதைப் பிடியுங்கள். ரயிலில் பரந்தனில் இறங்கலாம். சைக்கிளைப் பொதியாக ஏற்ற எல்லா ரயிலும் இடம் தராது, புறப்படும் நிலையத்தில் முதல்நாளே கேட்டு வையுங்கள். பரந்தனிலிருந்து பூநகரி 25 கி.மீ. அளவு. வாடைக் காலத்தில் பரந்தனில் தொடங்குங்கள், காற்று பின்தோளில் தள்ளும். சோளகத்தில் இதை அப்படியே மாற்றி, பஸ்ஸிலோ லொறியிலோ சைக்கிளைப் பூநகரிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பரந்தனுக்கு ஓடுங்கள். சோளகத்தில் மேற்கே மிதிப்பவருக்கு இந்த 25 கி.மீ. நாற்பதாகத் தெரியும்.

வழியில் வயல் குறைந்து தரவை விரியும். குடமுருட்டி தாண்டியதும் மரநிழல் அரிது, ஆகவே அதற்கு முன்பே தேத்தண்ணியும் பணிசும் முடித்துக்கொள்ளுங்கள். கோடையில் வலப்பக்கம் களப்பு வற்றி வெள்ளையாகக் கிடக்கும். மேலே உப்புப் படை காய்ந்து ஓடுபோல வெடித்திருக்கும், மாட்டுக் குளம்புத் தடமும் தெரியும். அதை நம்பிச் சைக்கிளை இறக்கினால் பத்தடிக்குள் முன்சில்லு அந்த மேற்படையை உடைத்துக்கொண்டு கறுப்புச் சேற்றுக்குள் அச்சுவரை போகும். மாடு நாலு காலில் பாரத்தைப் பகிர்ந்து நிற்கிறது, சைக்கிளின் பாரம் இரண்டு விரல் அகலத்தில் இறங்குகிறது. மாட்டி விட்டால் ஏறி மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளைப் படுக்கப் போட்டு, வந்த தடத்தாலேயே பின்னுக்கு இழுங்கள்.

பூநகரிக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் 1770 இல் பெருப்பித்தார்கள். 1805 இல் ஆங்கிலேயர் இங்கே தங்குவிடுதி அமைத்தார்கள். சதுரம், பக்கத்துக்கு 30 மீற்றர் அளவு, எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளங்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு வளவு மாதிரித் தெரியும். அப்படிப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். வன்னிப் பெருநிலத்திலிருந்து குடாநாட்டுக்குக் கடக்கிற துறையைக் கண்காணிக்க இந்த அளவே போதுமாயிருந்தது. சுவரை நெருங்கிப் பாருங்கள்: முருகைக்கல்லின் துளைகளும் சுண்ணச் சாந்தும், அவற்றுக்கு மேல் அண்மைப் போரின் காயங்களும் ஒன்றாகத் தெரியும். சுவரில் ஏற வேண்டாம், கல் கழன்று வரும்.

கோட்டைக்கு முந்திய காலமும் பூநகரிக்கு உண்டு. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த ஆய்வுகளில் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. முனையில் மண்ணித்தலையில் ஒரு பழைய சிவன் கோவிலின் எச்சம் நிற்கிறது. சோழர் காலத்தது என்று சொல்வார்கள். கௌதாரிமுனைப் பக்கமாகப் போக வேண்டும். கடைசித் துண்டு மணல், அங்கே ரயர்க் காற்றை 25க்கு இறக்குங்கள், அப்படியும் உருட்டத்தான் வேண்டிவரும். திரும்பித் தாருக்கு வந்ததும் காற்று அடிக்க மறந்தால் றிம் வளையும். இதற்கு இன்னொரு அரை நாள் ஒதுக்குங்கள், கோட்டையோடு சேர்த்து ஒரே காலையில் முடிக்கப் பார்த்தால் உச்சி வெயிலில் மணலில் நிற்பீர்கள்.

பூநகரியை யாழ். குடாநாட்டோடு இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது, நீளம் 288 மீற்றர். அதன் இரு கரையிலும் களப்புக்கு நடுவே போகும் அணைவீதியும் உண்டு. பக்கக் காற்று இங்கேதான் மோசம். கான்டிலை இறுக்கிப் பிடிக்காமல், உடம்பைச் சற்றுக் காற்றுப் பக்கம் சாய்த்து, வீதியின் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே ஓடுங்கள். லொறி தாண்டும் கணத்தில் காற்று நின்று, தாண்டியதும் திடீரென்று அடிக்கும், விழுபவர்கள் அப்போதுதான் விழுகிறார்கள். பூநகரிச் சந்தையில் மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் ஒரு கிலோ கரியரில் கட்டுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் திரும்பும் வழியில் அரிசியையே திட்டுவீர்கள்.

நந்திக்கடலைச் சுற்றி

முல்லைத்தீவு, வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, கேப்பாப்புலவு, வற்றாப்பளை, முள்ளியவளை, திரும்ப முல்லைத்தீவு: நந்திக்கடல் களப்பைச் சுற்றி 45 கி.மீ. அளவில் ஒரு சுற்று. இந்த ஒழுங்கிலேயே போங்கள். வட்டுவாகல் பக்கம் நிழலில்லாத வீதி, வெயில் ஏறமுன் முடிக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் மரமும் கடையும் உண்டு.

வட்டுவாகலின் பழைய பாலம் ஒடுங்கலானது, தண்ணீருக்கு மிக அண்மையில் போவது. எதிரே வாகனம் இறங்கிவிட்டால் இந்தப் பக்கமே நின்று வழிவிடுங்கள். இறால் பிடிப்பவர்கள் ஓரத்தில் வலையோடு நிற்பார்கள், மணியடித்து மெல்லப் போங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் மேலால் பாயும். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். உடைந்த விளிம்பு கலங்கல் தண்ணீருக்குள் தெரியாது. புதிய பாலத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், வேலை வாகனங்களையும் எதிர்பாருங்கள். முல்லைத்தீவிலேயே பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும்.

2009 மே மாதம் போர் முடிந்த நிலம் இது. முள்ளிவாய்க்கால் நினைவு முற்றத்தில் சைக்கிளை வெளியே விட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போங்கள். அங்கே செல்பி வேண்டாம். ஊரவரிடம் கதை கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம். சொல்ல விரும்புபவர் தானாகச் சொல்வார். கேப்பாப்புலவுப் பக்கம் இராணுவ முகாம்கள் உண்டு, கமெராவைப் பைக்குள் வையுங்கள்.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவில் களப்பின் கரையிலேயே இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீர் எடுத்து, அதைக் கொண்டே முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரிப்பது இங்கத்தைய வழக்கம். பொங்கல் நாளில் சைக்கிளோடு போவது வீண், சனத்துக்குள் உருட்டவும் முடியாது. மற்ற நாட்களில் காற்சட்டையோடு உள்ளே போகாமல் ஒரு வேட்டி பையில் இருக்கட்டும், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும்.

மறுநாள் கால் ஒத்துழைத்தால் ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுக் கற்சிலைமடுவுக்குப் போங்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இந்த இடத்தளவில் தோற்கடித்தார் என்று ஆங்கிலேயர் கல் நாட்டினார்கள். வெற்றிக்கு நாட்டிய கல்லையே ஊர் தன் வன்னியனின் நினைவாக எடுத்துக்கொண்டது.

ஏ-9 வழியாகத் தெற்கே திரும்புபவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் எல்லாரையும்போல நின்று ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போகலாம்.

திரும்பி வந்ததும்

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், காசில்லை. நிற்கிற இடத்தின் பெயரை வழியில் கடைப் பலகைகளில் பார்த்து மனதில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் தரவை நடுவில் எங்கே என்று சொல்லத் தெரியாது. களப்புக் கரையில் ஓடிய சைக்கிளை அன்றிரவே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். செயினையும் பிறேக் கம்பியையும் துடைத்து உலர்த்தி, கணுவுக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் அடுத்த நாள் மணல் முழுதும் அதில் வந்து ஒட்டும். உப்பைக் கழுவாமல் விட்ட செயின் இரண்டு நாளில் துருப்பிடித்து இறுகும்.