காப்பகமா, தெரிந்த அக்கா வீடா?

வேலூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது நேரம்தான். மாலையோடு பூட்டும் காப்பகம் என்றால், கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் நாளில் குழந்தையை யார் கூப்பிட்டு வருவது? ஒரு வயதுக்குள் என்றால் என் ஓட்டு வீட்டில் வைத்துப் பார்க்கும் அக்காவுக்குத்தான். அதுவும் அவர் மூன்று பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதவராக இருந்தால். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று உங்களுக்கும் லீவுதான். காப்பகத்தில் மாற்று ஆள் இருப்பார்.

எதுவானாலும் சொல்லாமல் கொள்ளாமல் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் ஷீட் போட்ட மாடி அறை என்றால் யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரண்ட் போனால் ஃபேன் ஓட இன்வெர்ட்டர் உண்டா? குளியலறையில் தண்ணீர் டிரம் மூடியிருக்கிறதா? தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து.

அப்புறம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. மாதாமாதம் பணம் கட்டும் முன் ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள்.