பக்தியா, ஞானமா? நான் வழுக்கி விழுந்த இடங்கள்

வேதாந்த வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால் 20 வருடத்துக்கு முந்தைய என்னையே பார்ப்பது போல இருக்கிறது. ஜபத்தில் மனம் நிற்கவில்லை, தியானத்தில் தூக்கம் வருகிறது என்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

படித்த ஜோரில் பக்தியைத் தூக்கிப் போடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. 'அஹம் பிரம்மாஸ்மி'க்கு 'நானே பிரம்மம்' என்று பொருள் படித்த மூன்றாவது மாதமே ஜபமாலையை அலமாரிக்குள் போட்டுவிட்டேன். எல்லாம் ஒன்று என்றான பிறகு யார் யாரைக் கும்பிடுவது என்று கேள்வி வேறு. அந்தச் சமயம் பார்த்து, அம்மாவைப் பறிகொடுத்த நண்பன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். 'ஆத்மாவுக்கு ஏது சாவு' என்று பாடம் எடுத்தேன். பேசாமல் எழுந்து போய்விட்டான். அடுத்த வாரமே யாரோ என் சுலோக உச்சரிப்பைத் திருத்த, மூன்று நாள் தூக்கம் வரவில்லை எனக்கு; எல்லாம் ஒன்று என்றவனுக்கு அந்த ஆள் மட்டும் எப்படி வேறாகிப் போனாரோ! ஜபம் காலி செய்த இடத்தில் அகங்காரம் குடியேறியிருந்தது, அது தெரியவே ஆறு வருடம் ஆனது.

'நான் யார்' விசாரணை என்றாலே நினைவுக்கு வருகிற ரமணரைப் பாருங்கள். 1896-ல், 16 வயதில், மதுரையில் திடீரென்று சாவு பயம் பிடித்து, சாவது யார் என்று உள்ளே பார்த்த அந்த மரண அனுபவம் வந்த பிறகு, அதுவரை எப்போதாவது போய்க்கொண்டிருந்த மீனாட்சி கோயிலுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார், அறுபத்துமூவர் சிலைகளுக்கு முன்னால் கண்ணீர் வழிய நின்றார். அப்புறம் திருவண்ணாமலையின் அருணாசலத்தைக் காதலனாக வைத்து 108 கண்ணிகளில் அட்சரமணமாலை பாடினார். அவருக்கே தேவைப்பட்டது மூன்று மாதப் படிப்பாளிக்குத் தேவைப்படவில்லையாம்.

பக்தி என்றால் யோசிக்கக் கூடாது என்பது

கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் நான்கு வகை பக்தர்களைச் சொல்கிறான்: துன்பத்தில் இருப்பவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. ஆக, ஞானியும் பக்தர் கணக்கில்தான் வருகிறான். அவனைத் தன் ஆத்மா என்றே கண்ணன் சொல்கிறான்.

எது உசத்தி என்று பட்டிமன்றம் வைப்பது

அர்ஜுனன் கீதையின் 12-ஆம் அத்தியாயத்திலேயே கண்ணனிடம் இதைக் கேட்டாகிவிட்டது. உருவமற்றதைப் பிடிக்கிறவர்களும் என்னிடமே வருகிறார்கள், ஆனால் உடம்போடு இருப்பவர்களுக்கு அந்த வழி கஷ்டம் என்று பதிலும் வந்தாகிவிட்டது.

மாதம் ஒரு வழி

வேண்டாம்.

வீட்டில் போய் உபதேசம் செய்வது

வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள்.