அஸ்டா நீல்சன் படங்களை எப்படிப் பார்ப்பது

நடிப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை நான் முதலில் பார்க்கச் சொல்வது ‘அஃப்குருண்டன்’. 1910-இல் கோபன்ஹேகனில் உர்பன் காட் இயக்கிய மௌனப் படம். டென்மார்க் நடிகை அஸ்டா நீல்சனின் முதல் படமும் அதுதான். அதற்கு முன் அவர் நாடக நடிகை. டேனிஷ் திரைப்பட நிறுவனம் இதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வேறெங்காவது பார்ப்பதாக இருந்தால் நீளத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய 37 நிமிடம் இருக்க வேண்டும். ரொம்பக் குறைவாக இருந்தால், வேகமாக ஓட்டிய பிரதியாக இருக்கலாம். ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், நடிப்பு தெரியாது. ஓட்டத்தை முக்கால் வேகத்துக்குக் குறையுங்கள்.

முதல் தடவை இசையை அணைத்துவிடுங்கள். எங்கே பதற வேண்டும் என்று இசை முந்திக்கொண்டு சொல்லிவிடும். அதை அஸ்டாவின் உடம்பே சொல்லட்டும்.

பியானோ ஆசிரியை மக்டா, பாதிரியார் மகனை விட்டுவிட்டு சர்க்கஸ்காரன் ருடால்ஃபோடு ஓடிப்போகிறாள். மேடையில் அவனைக் கயிற்றால் கட்டிப்போட்டு, உரசி உரசி ஆடும் நடனம் வரும். சில நாடுகளில் தணிக்கையில் வெட்டுப்பட்ட காட்சி அது. ஒரு முறை இடுப்பைப் பாருங்கள். திரும்பப் போட்டு முகத்தை மட்டும் பாருங்கள். கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று மற்றவர்கள் கை வீசிக்கொண்டிருந்த காலத்தில், கேமரா பக்கத்திலேயே இருக்கிறது என்பது இவருக்குப் புரிந்திருந்தது. முடிவில், கொலை செய்தவளைப் போலீஸ் வெளியே அழைத்துப்போகும்போது அந்த முகத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த வெறுமையை வரவழைப்பதுதான் கஷ்டம். பிள்ளைகளை அதை மட்டும் நாலைந்து முறை பார்க்க வைப்பேன்.

அப்புறம் ஜெர்மனிக்குப் போங்கள். அவருடைய படங்களில் பெரும்பாலானவை அங்கேதான் எடுக்கப்பட்டன. 1921-இல் சொந்த நிறுவனத்தில் எடுத்த ‘ஹாம்லெட்’டில், ஆணாக வளர்க்கப்பட்ட இளவரசியாக வருகிறார். ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ அருகில் வரும்போது உடம்பு எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். 1925-இல் பாப்ஸ்ட் இயக்கிய, வியன்னாவில் நடக்கும் ‘ஜாய்லெஸ் ஸ்ட்ரீட்’ படத்தை, அதில் கூட நடித்த கிரேட்டா கார்போவுக்காகத் தேடிப்போகிறவர்கள்தான் அதிகம். சில வெளிநாட்டுப் பிரதிகளில் அஸ்டாவின் பகுதியை ஏகமாக வெட்டிவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அது மன்னிக்க முடியாத வேலை. சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும் மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள்.

பேசும் படம் அவருக்கு ஒன்றே ஒன்றுதான், 1932-இல். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், 1968-இல் தன்னைப் பற்றித் தானே இயக்கிய ஆவணப்படத்தைப் பாருங்கள். எண்பது வயதைத் தாண்டியவர், தன் பழைய காட்சிகளைத் தானே பொறுக்கி எடுத்திருக்கிறார். எவற்றை எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.