‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

வங்கித் தளத்தையோ பரீட்சைப் பெறுபேற்றையோ திறக்கப் போனால், சிவப்பு முக்கோணத்தைக் காட்டி மறித்துக்கொண்டு நிற்கும் குரோம். உடனே பலருடைய விரல் ‘அட்வான்ஸ்ட்’ பொத்தானுக்கும், அங்கிருந்து ‘ப்ரொசீட்’ வரிக்கும் ஓடிவிடும். கேட்டால், “தெரிஞ்ச சைட்தானே” என்பார்கள். தவறு தொடங்குவதே இங்கேதான். அந்தத் தளம் நல்லதா கெட்டதா என்று பிரவுசர் சொல்லவில்லை. நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அந்தத் தளத்துக்குத்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றுதான் சொல்கிறது.

ஆகவே முதலில் அந்தப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பிழை வரியை வாசியுங்கள். அநேகமாக ‘டேட் இன்வலிட்’, ‘ஒதோரிட்டி இன்வலிட்’, ‘கொமன் நேம் இன்வலிட்’ என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தளமும் தன்னை அடையாளம் காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழை வைத்திருக்கும். அதன் திகதியில் கோளாறா, அதை வழங்கியவரைத் தெரியவில்லையா, பெயர் பொருந்தவில்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ரவுட்டரை நிறுத்திப் போடுவதும், குரோமை நீக்கித் திரும்ப ஏற்றுவதும் வீண் வேலை. ஹிஸ்ட்ரியோடு குக்கீகளையும் அழித்தால், மற்றத் தளங்களிலும் லொகின் போய் நிற்பதுதான் மிச்சம்.

“தம்பி, காலமையிலிருந்து ஒரு சைட்டும் திறக்குதில்லை, எல்லாத்திலயும் சிவப்புத்தான்” என்று வெள்ளவத்தை அங்கிள் ஒருவர் போன் எடுத்தால், தளங்களைச் சந்தேகிக்கத் தேவையில்லை. திரையின் வலப்பக்கக் கீழ் மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 2015 ஜனவரி 1 என்று இருக்கும், அல்லது அதுபோல ஏதோ ஒரு பழைய திகதி. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. 2015இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. பழைய டெஸ்க்டொப்பில் இதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய அளவு பற்றரி. அது செத்துப்போயிருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை நேரம் ஓடும். நம் வீடுகளில் இரவு சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பதுதானே வழக்கம்? விடிந்ததும் திகதி பழையபடி பின்னுக்குப் போயிருக்கும். தினமும் திகதியைத் திருத்திக்கொண்டிருப்பது அலுப்பான வேலை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகும்போது ஒரு பற்றரி வாங்கிப் போட்டு, திகதியைக் கையால் சரிசெய்து, தானியங்கி நேரத்தையும் போட்டுவிட்டால் தீர்ந்தது.

வீட்டில் திறந்த தளம் கோப்பிக் கடையில் மட்டும் எச்சரித்தால் அது வேறு கதை. பல பொது வைபைகள் தங்கள் லொகின் பக்கத்தைக் காட்டுவதற்காக, நீங்கள் கேட்ட தளத்துக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்லும். பெயர் பொருந்தாதபடியால் பிரவுசர் கத்தும். அங்கே ‘ப்ரொசீட்’ அழுத்தாமல், நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம் போல மறையாக்கமோ சான்றிதழோ இல்லாத ஒரு முகவரியைத் திறந்தால் லொகின் பக்கம் தானே வரும். அப்படியும் சரிவராவிட்டால் வைபையை அணைத்துவிட்டுப் போன் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவில் சரியாக வந்தால் கோளாறு அந்த வைபையில். உண்மையில், பிழை வரியை வாசித்த கையோடு எந்த எச்சரிக்கைக்கும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்.

‘ஒதோரிட்டி இன்வலிட்’ வந்தால் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள். உங்கள் அன்டிவைரஸின் பெயர் இருந்தால், இடையில் புகுந்து பக்கங்களைச் சோதிப்பது அதுதான். அதற்காக அன்டிவைரஸையே கழற்றி எறிய வேண்டாம். புதுப்பித்துப் பாருங்கள், இல்லையென்றால் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்ற ஒரு வசதியை மட்டும் நிறுத்துங்கள். பழைய போன் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்பது தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு. அந்தச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையான மூலச் சான்றிதழ் (ரூட் சேர்ட்டிபிகேட்) அன்ட்ரொயிட் 7.1.1இலிருந்துதான் போனிலேயே வருகிறது. அதற்கு முந்திய போன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டெம்பரோடு முடிந்துவிட்டது. பயர்பொக்ஸ் பிரவுசர், எந்த மூலச் சான்றிதழ்களை நம்பலாம் என்ற தன் சொந்தப் பட்டியலோடு வருவதால், அது ஏறக்கூடிய போனில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய ‘ரூட் சேர்ட்டிபிகேட்’டை இன்ஸ்டோல் செய்து எச்சரிக்கையை வாயடைப்பது. அதன் இரகசிய டிஜிட்டல் சாவியை வைத்திருப்பவர் உங்கள் கணினிக்கு எந்தத் தளமாகவும் வேடம் போடலாம், வங்கி உட்பட. 2015இல் லெனோவோ லப்டொப்கள் சிலவற்றில் சுப்பர்பிஷ் என்ற விளம்பர மென்பொருள், இப்படியொரு ரூட் சேர்ட்டிபிகேட்டை ஏற்றி வைத்திருந்து பிடிபட்டது. எல்லா லப்டொப்புக்கும் ஒரே சாவி, அதுவும் வெளியே வந்துவிட்டது. சில தளங்களில் ‘ப்ரொசீட்’ வரியே இருக்காது. தாண்ட விடாதே என்று தளமே பிரவுசருக்குச் சொல்லி வைத்திருப்பதால்தான் அப்படி. அதை ஏமாற்றப் பழைய பிரவுசர் தேடுபவர்களுக்கு என்ன சொல்வது!

எல்லாம் சரியாக இருந்தும், வேறு போனிலும் வேறு இணைப்பிலும் அதே ‘டேட் இன்வலிட்’ வந்தால் தளத்துக்காரர் புதுப்பிக்க மறந்துவிட்டார். நாம் செய்ய ஒன்றுமில்லை, அவர்களுக்கு அறிவித்துவிட்டுக் காத்திருக்கலாம். இந்த மறதி இனிக் கூடவும் செய்யலாம். முன்பு 398 நாட்கள்வரை இருந்த சான்றிதழின் ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று குறைகிறது. தானியங்கியாகப் புதுப்பிக்காத அலுவலகங்கள் திணறும்.

ஏற்கெனவே தாண்டிப்போய்க் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டீர்களா? வேறு ஒரு கருவியில், வேறு இணைப்பில் அதை உடனே மாற்றுங்கள். வங்கிக் கணக்கு என்றால் அட்டையின் பின்புறம் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்த பக்கத்தில் தெரிந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம்.