பூசணத்தின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்

மழைக்காலம் முடிந்து மார்கழியில் பீரோவை நகர்த்தியபோதுதான் பார்த்தோம். பின்பக்கச் சுவரில் கருமையும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாகப் பூசணம். கிட்டே போனாலே நனைந்த கோணிப்பை வாடை. சென்னையில் எங்களுடையது மேல்தளத்து வீடு. பொங்கல் நெருங்கிவிட்டதே என்று பெயிண்டரைக் கூப்பிட்டோம். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருந்தது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினேன், வெந்த உருளைக்கிழங்குத் தோல் போல உரிந்து வந்தது. அடியில் பட்டி ஈர மாவாகக் குழைந்திருந்தது.

பூசணம் பிடித்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கறை கண்ணில் படுகிறது, அதற்குக் காரணமான தண்ணீர் கண்ணில் படுவதில்லை. பூஞ்சையின் வித்துகள் எப்போதும் காற்றில் இருக்கின்றன, அவற்றைத் தடுக்க முடியாது. தூசி, மரம், துணி, காகிதம், பெயிண்ட் என்று எதன் மேலும் அவை வளரும். ஆனால் ஈரம் இல்லாமல் வளராது. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை.

ஆகவே முதலில் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். மேல்தளம் என்றால் மொட்டை மாடிக்குப் போய், மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா, ஓடுகளின் இடுக்கில் பூச்சு விட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த மூலைதான். கோடையிலும் காயாத கறை, அதுவும் குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் என்றால் முதலில் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். தரையை ஒட்டி வரிசையாக ஏறினால் அடியிலிருந்து வரும் ஓதமாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் என்று நினைப்பது இன்னொரு தவறு. சுவரில் உப்பும் பூக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் உப்பு கரைந்து மறையும், பூசணம் கரையாது. உப்பாகவே இருந்தாலும் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றுதான் அர்த்தம்.

கசிவை அடைத்த மறுவாரமே பெயிண்ட் அடிக்கவும் கூடாது. நாங்கள் இரண்டாம் முறை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, தை முதல் பங்குனி வரை சுவரை அப்படியே வெறுமையாக விட்டோம். வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், கேட்கட்டும் என்று இருந்தோம்.

சரி, சுத்தம் செய்யும்போது? காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேயுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் டைல்ஸுக்குச் சரி. சுவர்ப் பூச்சிலும் மரத்திலும் அது மேல்நிறத்தைத்தான் வெளுக்கும், உள்ளே ஓடிய இழைகள் தங்கிவிடும்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

2021-இல் கொரோனா நோயாளிகளுக்கு வந்த 'கறுப்புப் பூஞ்சை'யை நினைத்துச் சிலர் சுவரில் கருமையைக் கண்டாலே நடுங்கிவிடுகிறார்கள். நிறத்தை வைத்து இன்ன பூஞ்சை என்று சொல்ல முடியாது. அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். எந்த நிறமானாலும் மூக்கடைப்பு, தும்மல், இளைப்பு உள்ளவர்களுக்கு அது தொல்லைதான்.

அப்புறம் பீரோ. நம் வீடுகளில் அதைச் சுவரோடு ஒட்டித்தான் போடுகிறோம். நான்கு விரல்கட்டை இடைவெளி விட்டால் காற்று போகும். பட்டுப்புடவைக்கு நடுவே அந்துருண்டை போட்டால் போதும் என்று இருக்காதீர்கள், அது பூச்சிக்கானது, ஈரத்தை எடுக்காது. வெயில் கண்ட நாளில் கதவைத் திறந்து வைத்து, புடவைகளை மடிப்பு மாற்றி நிழலில் காற்றாட விடுங்கள். மழை நாளில் படுக்கையறைக் கொடியில் ஈரத்துணி காயப்போட்டால் அந்த ஈரம் முழுக்க அறைக்குள்தான் தங்கும். வேறு வழியில்லை என்றால் ஃபேனைப் போட்டு, ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் மனசு சொல்லும், தெரியும். மேலே காய்ந்தாலும் நடுப்பஞ்சு காயாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது நாங்கள் ஆவணியிலேயே மொட்டை மாடிக்குப் போய்ச் சருகை அள்ளிவிட்டு, நாலு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று பார்க்கிறோம். தேங்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தால், கொத்தனார் வரும்போது காட்டச் சுலபமாக இருக்கிறது.